அளவெடுத்துச் செய்த வண்டி

(அவிநாசிபாளையத்தில் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்யப்பட்ட பட்டிமன்றம். தலைப்பு: "நாட்டைக் காத்தவரின் மனம் நிறைவது கையால் செய்த பரிசிலா? கைக்கு வரும் ஓய்வூதியத்திலா?" 'பரிசிலே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை.)



எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா ரொம்ப அழகாகப் பேசினார்கள். "பரிசு வாங்கும்போது கை தாழ்ந்து போகும், உரிமை வாங்கும்போது தலை நிமிர்ந்து நிற்கும்" என்றார்கள். நானே கை தட்டினேன். தட்டிவிட்டு அப்புறம்தான் யோசித்தேன், நாம எந்த அணி என்று! (சிரிப்பு)

ஐயா, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. யார் சொல்லுவான்? நாற்பது வருஷத்துக்கு மேல் போராடியிருக்கிறார்கள். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்று கேட்டு, 2015ஆம் வருஷம் டெல்லி ஜந்தர் மந்தரில் பதக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு கிழவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம்தான் 2014 ஜூலை 1 முதல் கணக்குப் போட்டுத் தருகிறோம் என்று அறிவிப்பு வந்தது. அது அவர்கள் ரத்தத்துக்கான கூலி. கொடுத்தே ஆகவேண்டும்.

ஆனால் ஐயா, கூலி வேறு, கைம்மாறு வேறு. திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனியில் சம்பளம் போடுகிறார்கள். வாங்கிக்கொண்டு வருகிற அம்மிணி வீட்டில் வந்து, "எங்க முதலாளி எனக்கு நன்றி சொன்னாரு" என்றா சொல்லும்? "சம்பளம் போட்டாச்சு" என்று சொல்லும். அவ்வளவுதான். சம்பளத்தில் வயிறு நிறையும். தலைப்பு என்ன ஐயா? மனம் நிறைவது எதில் என்று. வயிற்றைப் பற்றி அவர்கள் பேசட்டும், மனசைப் பற்றி நாங்கள் பேசுகிறோம். (கைதட்டல்)

அடுத்து, எதிரணி நண்பர் ஒருவர் ஒரு கிண்டல் செய்தார். "அமெரிக்காவில் பழைய ராணுவ வீரருக்கு அக்கம்பக்கத்தார் சேர்ந்து வண்டிமேல் வீடு கட்டிப் பரிசாகக் கொடுக்கிறார்களாம், கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து. நம்ம ஊருக்கு அதெல்லாம் ஆகிற காரியமா?" என்று கேட்டார். நண்பரே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஊர் எது? திருப்பூர்–தாராபுரம் ரோடும் கோவை–கரூர் ரோடும் வெட்டிக்கொள்கிற சுங்கம். இங்கே ஒரு டீக்கடையில் கால் மணி நேரம் நில்லுங்கள். திருச்செங்கோட்டு போர்வெல் லாரி போகும். ரிக் ஒரு வண்டி, பைப்பு ஒரு வண்டி. அந்தப் பையன்களுக்குச் சோறு ஆக்குவது அதில், தூங்குவது அதில், துணி காயப்போடுவது அதில். ஆறு மாசம் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வண்டியிலேயே குடித்தனம். வண்டிமேல் வீட்டை அமெரிக்காக்காரன் வந்து நமக்குக் கற்றுத்தரவேண்டாம். (சிரிப்பு, கைதட்டல்)

அதுமட்டுமா? அருண் பிரபு என்று நாமக்கல் பக்கத்து இளைஞர், கட்டடக்கலை படித்தவர். ஒரு ஆட்டோ ரிக்‌ஷா மேல், ஆறுக்கு ஆறு அடி இடத்தில், ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய்ச் செலவில் ஒரு வீடு கட்டினார். பெரும்பாலும் பழைய சாமான். படுக்கை, சமையல் இடம், குளியல் இடம், மேலே தண்ணீர்த் தொட்டி, சூரிய ஒளித் தகடு. 2021இல் நாடு முழுக்க அந்தப் படத்தைப் பார்த்து வியந்தது. ஆட்டோவில் மூன்று பேர் உட்காரவே நாம் சண்டை போடுவோம். அவர் குடும்பமே நடத்தலாம் என்று காட்டிவிட்டார்!

அமெரிக்காவில் இந்த வண்டி வீட்டுக்குக் கொல்லைப்பட்டறைக் காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தது. விமானம் செய்ய வாங்கிக் குவித்த அலுமினியத் தகடு மிச்சமாகக் கிடந்தது. போருக்குப் போனவன் வீட்டுக்கு வந்தான். கண்ணீர்த்துளி மாதிரி வளைந்த ஒரு சின்ன இழுவை வண்டியை, பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து, வீட்டுக் கொல்லையிலேயே தட்டித் தட்டிச் செய்துகொண்டார்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்படி. சுடப் பயன்பட்ட விமானத்தின் தகடு, தோசை சுடப் பயன்பட்டது. சரி, அங்கே தோசை ஏது என்று கேட்காதீர்கள். (சிரிப்பு)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கையால் செய்த பரிசுக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? இங்கிலாந்தில் நடந்த ஒரு கதை சொல்கிறேன். கற்பனை இல்லை, நிஜமாக நடந்தது.

பெர்ட் கிரீவ்ஸ் என்று ஒரு மெக்கானிக். அவருக்கு ஒரு சொந்தக்காரர், டெரி பிரஸ்டன்-காப் என்று பெயர். கால் இரண்டும் விளங்காது. சக்கர நாற்காலிதான். கிரீவ்ஸ் என்ன செய்தார்? புல் வெட்டுகிற மிஷின் இருக்கிறதே, அதிலிருந்து இஞ்சினைக் கழற்றி அந்த நாற்காலியில் மாட்டிவிட்டார். அரசாங்க உத்தரவு உண்டா? இல்லை. டெண்டர் உண்டா? இல்லை. சொந்தக்காரன் முகத்தைப் பார்த்தார், இஞ்சினைக் கழற்றினார், மாட்டினார். அந்த மனுஷர் அப்புறம் ரோட்டில் தானே ஓட்டிக்கொண்டு போனார். இன்னொருத்தர் பின்னால் நின்று தள்ளவேண்டிய அவசியமில்லை.

அப்போது போரில் காலை இழந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். இரண்டு பேரும் யோசித்தார்கள், இதையே அவர்களுக்கும் செய்தால் என்ன? 1940களின் கடைசியில் 'இன்வாகார்' என்ற மூன்று சக்கர வண்டி வந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் வாங்கி, ஊனமடைந்த முன்னாள் வீரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பிறகு மற்ற ஊனமுற்றவர்களுக்கும் கொடுத்தது. ஒரு கட்டத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் ஓடின. எல்லாம் ஒரே வெளிர் நீலம். கால்பந்து மைதானத்தில் கோட்டுக்கு வெளியே வரிசையாக நீல வண்டிகள் நிற்கும், அதில் உட்கார்ந்தபடியே ஆட்டம் பார்ப்பார்கள்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது? ஆனால் ஐயா, அந்த வண்டியில் எத்தனை சீட் தெரியுமா? (அமைதி) ஒன்று. ஒரே ஒரு சீட். கட்டிய மனைவிக்கு இடம் கிடையாது. பெற்ற பிள்ளைக்கு இடம் கிடையாது. கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மனைவி பஸ்ஸில், புருஷன் நீல வண்டியில். தனியாக ஓட்டிக்கொண்டு போகிறவன் வழியில் பழுதாகி நின்றால், இறங்கி உதவி கேட்கக் காலும் இல்லை, அனுப்பிக் கேட்க ஆளும் இல்லை. காற்று பலமாக அடித்தால் கவிழும் என்று பயம் வேறு.

கிரீவ்ஸ் தன் சொந்தக்காரருக்குச் செய்தபோது, எதிரே ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் தெரிந்தது. அதையே ஆயிரக்கணக்கில் ஆர்டர் போட்டு வாங்கியபோது, கோப்பில் ஒரு எண் இருந்தது. எண்ணுக்கு எதற்கு மனைவி? எண்ணுக்கு எதற்குப் பக்கத்து சீட்? (பலத்த கைதட்டல்)

எதிரணி அம்மா குறிப்பெடுக்கிறார்கள். என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். "அந்தக் குறையைத் தீர்த்தது யார்? உரிமை கேட்டவர்கள்தானே?" அம்மா, உண்மை. நான் மறைக்கமாட்டேன். அந்த வண்டியில் உட்கார்ந்தவர்களே எங்களுக்கு இது வேண்டாம் என்று குரல் கொடுத்தார்கள். 1974இல் ஒரு விசாரணை அறிக்கை, சாதாரணக் காரே கொடுங்கள் என்றது. 1976இல் போக்குவரத்துக்கென்று மாதப் படி கொடுக்க ஆரம்பித்தார்கள். 1977இல் அந்தப் படியை வைத்துக் கார் எடுத்துக்கொள்ள ஒரு அறக்கட்டளையே தொடங்கினார்கள். 2003 மார்ச்சோடு நீல வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்று ஆகிவிட்டது. உரிமை ஜெயித்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கார் வந்ததே, அதை அவர்கள் அப்படியே ஓட்ட முடிந்ததா? கால் இல்லாதவனுக்குப் பிரேக்கை எங்கே வைப்பது? மறுபடியும் ஒரு மெக்கானிக் வேண்டும். மறுபடியும் ஒருத்தர் குனிந்து, "உங்களுக்கு எந்தக் கை பலம்? இந்த உயரம் எட்டுகிறதா?" என்று கேட்கவேண்டும். பணம் காரை வாசல் வரைக்கும் கொண்டுவரும் அம்மா. வாசலில் இருந்து அந்த மனுஷனை அதில் ஏற்றுவது இன்னொரு மனுஷனுடைய கைதான்.

இது திருப்பூர் ஜில்லா. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று அளவு போட்டு உலகத்துக்கே பனியன் அனுப்புகிற பூமி. ஆயிரம் பீஸ் வெட்டினாலும் ஒரே அளவில் வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் எல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைக் கேட்கிறேன், ஒரு காலை எக்ஸ்எல் சைஸில் தைக்க முடியுமா? உடம்பில் ஒரு பாகம் போனவனுக்கு ரெடிமேட் என்பதே கிடையாது. புனேயில் ராணுவத்துக்கென்று செயற்கை உறுப்பு மையம் 1944இலேயே வந்துவிட்டது. ஜெய்ப்பூர் கால் என்கிறோமே, அது எப்படி வந்தது? டாக்டர் சேத்தி அறுவை சிகிச்சை நிபுணர், பெரிய படிப்பு. கூட இருந்தவர் ராம் சந்தர் சர்மா, அதிகம் பள்ளிக்கூடம் போகாத கைவினைஞர். வெள்ளைக்காரன் கால் ஷூவுக்குள் இருக்கவேண்டிய கால். நம்ம ஆளுக்குச் சம்மணம் போட்டு உட்காரவேண்டும், சேற்றில் இறங்கவேண்டும், வெறுங்காலோடு கோயிலுக்குப் போகவேண்டும். 1960களின் கடைசியில் ரப்பரை வார்த்து, அதற்கேற்ற ஒரு காலைச் செய்தார்கள். எதிரே இருப்பவன் எப்படி உட்காருவான் என்று பார்த்த கண்ணில் பிறந்தது அந்தக் கால். 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. கைவினைஞர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது தனியாக ஒரு பட்டிமன்றம் போடவேண்டிய விஷயம், நடுவர் ஐயா தேதி கொடுத்தால் வருகிறேன். (சிரிப்பு)

நம்ம கொங்கு நாட்டில் ராணுவத்துக்குப் போனவர்கள் கொஞ்சம் குறைவு. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிறதால் ராணுவப்பேட்டை என்றே பெயர். நமக்குத் தறி, கிணறு, தோட்டம், பனியன். ஆனால் போனவர்கள் திரும்பி வந்து எங்கே நிற்கிறார்கள்? பனியன் கம்பெனி கேட்டில். காக்கி மாறி நீலச் சட்டை. விசில் அதே விசில்.

அப்படி ஒரு அண்ணனை எனக்குத் தெரியும். பேர் சொல்லமாட்டேன், சொன்னால் கோவித்துக்கொள்வார். 2002இல், எல்லையில் பட்டாளத்தைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்த நேரத்தில், ராஜஸ்தான் பக்கம் கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்விட்டது. செயற்கைக் கால் போட்டார்கள். ஓய்வூதியம் வருகிறது. நேரத்துக்கு வருகிறது, குறை சொல்லமாட்டேன். கம்பெனியில் கேட் டூட்டி. தீபாவளிக்கு எல்லோருக்கும் கொடுத்த மாதிரி அவருக்கும் ஒரு ஸ்வீட் பெட்டி, ஒரு ஹாட் பாக்ஸ். வீட்டில் ஆறு ஹாட் பாக்ஸ் இருக்கிறது. ஊற்றி வைக்கத்தான் அவ்வளவு குழம்பு இல்லை. (சிரிப்பு)

அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. அந்தப் பட்டறைக்காரர் ஒரு நாள் கேட்டிருக்கிறார், "ஏனுங்ணா, அந்தப் பழைய டிவிஎஸ் பிஃப்டி சும்மாத்தானே நிக்குது, கொண்டாங்க, ரெண்டு பக்கமும் சக்கரம் வெச்சுத் தாரேன்." அண்ணன் போனார். பட்டறைக்காரர் டேப்பை எடுத்து அவர் உயரம், கை நீளம் எல்லாம் அளந்துவிட்டு, "போய் அக்காவைக் கூட்டிட்டு வாங்கோ" என்றாராம். "அவ எதுக்கப்பா?" "பின்னால உக்கார்றது யாருங்ணா? அவுங்களுக்கு முட்டி வலின்னு எங்க ஊட்டுல சொன்னாங்க. ஏறதுக்குப் படி எத்தன ஒசரத்துல வெக்கோணும்னு பாக்கோணுமில்ல?"

ஐயா, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு முப்பது வருஷம் தோன்றாத விஷயம், ஒரு லேத் பட்டறைக்காரருக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றியது! (நீண்ட கைதட்டல்)

அந்த அக்காவையும் உட்காரவைத்து அளவெடுத்தார். பின்சீட்டைத் தாழ்த்தி, கால் வைக்கக் கம்பி பற்றவைத்து, ஊன்றுகோல் சொருக ஒரு குழாய் வைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். அண்ணன் பணத்தை நீட்டினார். வாங்கவில்லை. பட்டாளத்துக்காரர் சும்மா விடுவாரா? "காசு வாங்கலைன்னா வண்டிய எடுக்கமாட்டேன்" என்று வாசலில் நின்றுவிட்டார். பட்டறைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "ஏனுங்ணா, நீங்க எல்லையில நின்னதுக்கு எனக்கு பில்லு குடுத்தீங்களா?" (பலத்த கைதட்டல்)

பேராசிரியர் அம்மா, பரிசு வாங்கும்போது கை தாழும் என்றீர்கள். அந்த அண்ணன் கை தாழவில்லை. அந்தப் பட்டறைக்காரர் பையனுக்கு ராணுவத்தில் சேர ஆசை. இப்போது தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு அவன் ரோட்டில் ஓடுகிறான், பின்னாலேயே அந்த வண்டியில் இவர் விசில் ஊதிக்கொண்டு போகிறார். "ஓடுறா, இன்னும் வேகமா" என்று. யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று கணக்கே தெரியவில்லை.

ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். இந்த மாதிரி வண்டிக்குச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 'இன்வேலிட் கேரேஜ்'. இன்வேலிட் என்றால் நோயாளி என்றும் அர்த்தம், செல்லாது என்றும் அர்த்தம். 2016இல் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஆனதே, அந்த இன்வேலிட்! நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவன் வண்டிக்குச் செல்லாத வண்டி என்று பேர் வைத்திருந்தார்கள். 2019 திருத்தத்தில்தான் அதை 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று மாற்றினார்கள். உரிமை கொடுக்கிற புத்தகத்துக்கு ஒரு வார்த்தையைத் திருத்த முப்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது.

தாமதம் என்றதும் இன்னொன்று. முரளிகாந்த் பெட்கர். மகாராஷ்டிரக்காரர், ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் உடம்பெல்லாம் குண்டு. ஒரு குண்டு முதுகுத்தண்டில். இடுப்புக்குக் கீழே செயலில்லை. சிகிச்சைக்காக நீச்சல் கற்றவர், 1972இல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தங்கம் அது. அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது எப்போது? 2018இல். நாற்பத்தாறு வருஷம். வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது 2025இல், கோலூன்றி நடந்து வந்து வாங்கினார். எழுபது வயதைத் தாண்டி வருகிற மாலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்பத்தாறு வருஷமும் அவர் மனசை யார் நிறைத்தது? கூட இருந்தவர்கள்தானே, அவரைத் தண்ணீரில் இறக்கி விட்டவர்கள்தானே?

டிசம்பர் 7 கொடிநாள். 1949இல் இருந்து கொண்டாடுகிறோம். உண்டியலில் பத்து ரூபாய் போடுகிறோம், சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே வெல்டிங் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? டெய்லர் எத்தனை பேர்? கார்பெண்டர்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். (பலர் கை தூக்குகின்றனர்) நடுவர் ஐயா, பாருங்கள். கரூரில் பாடி கட்டி முடித்த புது பஸ் இந்த வழியாகத்தான் கேரளாவுக்குப் போகிறது. இரும்பும் தெரியும், தையலும் தெரியும் இந்தப் பூமிக்கு. உங்கள் தெருவில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருப்பார். அவர் வீட்டு வாசல்படி அவருக்கு எட்டுகிறதா? கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? அதற்கு எந்தக் கருவூலத்திலும் மனு போடவேண்டாம். டேப்பை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டாவது மணிக்கு இன்னும் அரை நிமிஷம் இருக்கிறது, விடமாட்டேன். ஐயா, தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் எதிரணியைப் பார்த்து எனக்காக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மாசாமாசம் வங்கியில் இருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறதே, "உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது" என்று, அந்தச் செய்தி என்றைக்காவது, "அக்காவையும் கூட்டிட்டு வாங்கோ" என்று கேட்டிருக்கிறதா?

 (கைதட்டல்)